மார்பகத்தை அகற்றும் அறுவை சிகிச்சை: போவதற்கு முன்னும் வீடு திரும்பிய பின்னும்

(மூத்தோருக்கான சுகாதார உரை)

காலைச் சமையலை முடித்துவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பின்வரிசையில் சில ஐயாமார்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்களும் கட்டாயம் கேளுங்கள். மனைவி வீடு திரும்பியபின் பாதி வேலை உங்களுடையது.

நான் மார்பகப் பராமரிப்புத் தாதி. அறுவை சிகிச்சையை மருத்துவர் செய்கிறார். அதற்கு முந்திய இரண்டு வாரங்களிலும் பிந்திய சில மாதங்களிலும் நோயாளியோடு இருப்பது என் வேலை. அந்த நாள்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சிங்கப்பூரில் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். எல்லாருக்கும் முழு மார்பகத்தையும் அகற்ற வேண்டியதில்லை. சிலருக்குக் கட்டியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் எடுத்தால் போதும். முழுவதும் அகற்ற வேண்டும் என்று உங்கள் மருத்துவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மார்பகத்தை மீண்டும் உருவாக்கும் அறுவை சிகிச்சை தனக்குப் பொருந்துமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். "இந்த வயதில் எதற்கு?" என்று மற்றவர்கள் சொல்வார்கள். வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

உங்களில் சிலருக்குப் பழைய பயம் ஒன்று இருக்கும். ஒரு கை மட்டும் யானைக்கால்போல் வீங்கிய அத்தையையோ பாட்டியையோ சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையில், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே எடுத்தார்கள். அது பல பத்தாண்டுகள் நீடித்தது. இப்போது நெஞ்சுத் தசையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பலருக்கு அக்குளில் முதலில் சில கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். அவற்றைக் கண்டுபிடிக்கச் சில சமயம் நீலச் சாயம் செலுத்துவார்கள். அதனால் ஓரிரு நாள்களுக்குச் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகலாம். அதைப் பார்த்துப் பயந்து, நடு இரவில் அழைப்பு மணியை அழுத்திய அம்மாக்கள் உண்டு. அது தானாகச் சரியாகிவிடும்.

இனி, போவதற்கு முன் செய்ய வேண்டியவை. முதல் வேலை, ஒருவரிடம் சொல்வது. பிள்ளைகள் கவலைப்படுவார்கள், சம்பந்தி வீட்டில் ஏதாவது பேசுவார்கள் என்று மூடி வைப்பவர்கள் பலர். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். மகளோ மருமகளோ தங்கையோ அடுத்த வீட்டு அக்காவோ, ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அவரை மருத்துவரைப் பார்க்கப்போகும்போது கூட்டிச் செல்லுங்கள். "புற்றுநோய்" என்ற சொல் காதில் விழுந்தபின் மருத்துவர் சொல்லும் மற்றதெல்லாம் மனதில் நிற்காது. கூட வருபவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆங்கிலம் புரியாவிட்டால் தமிழில் விளக்க யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். புரியாமல் தலையாட்டிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

இரண்டாவது, மருந்துப் பை. வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எல்லாம் என்றால் எல்லாமும்தான்: பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை, ஊரிலிருந்து வந்த லேகியம், மஞ்சள் மாத்திரை, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், ஜின்செங். இவற்றில் சில இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். குழம்பில் போடும் மஞ்சளையும் பூண்டையும் நான் சொல்லவில்லை, அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. நீரிழிவு மருந்தும் அப்படியே. சில மாத்திரைகளைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், சிலவற்றை அன்று காலை மட்டும். வெறும் வயிற்றோடு இருக்கும் நாளில் வழக்கமான அளவு போட்டுக்கொண்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். யாராவது புகைபிடித்தால் இன்றே நிறுத்துங்கள், புண் சீக்கிரம் ஆறும்.

நகைகளைப் பற்றி அம்மாக்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அறுவைக் கூடத்தில் மின்சாரக் கருவிகள் பயன்படுவதால் உலோகம் எதுவும் உடலில் இருக்கக்கூடாது. வளையல், மூக்குத்தி, மெட்டி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இறுகிப்போன மோதிரத்தையும் மூக்குத்தியையும் கடைசி நிமிடத்தில் கழற்ற முயன்றால் வலிதான் மிச்சம். முந்திய நாள் வீட்டிலேயே சாமி விளக்கின் முன் கழற்றிக் கணவர் கையிலோ மகள் கையிலோ கொடுத்துவிடுங்கள். மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று தாதியிடம் முன்பே கேளுங்கள். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் அருகில் அறுவை நடப்பதால் அதையும் எடுக்கச் சொல்லலாம். விரல்களில் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். இரத்தத்தில் உயிர்வாயு எவ்வளவு என்று அளக்கும் கருவி விரல் நுனியில்தான் மாட்டப்படும்.

வீட்டையும் கொஞ்சம் தயார் செய்யுங்கள். அரிசி டப்பா, தேத்தூள், அன்றாடச் சட்டி இவற்றை மேல் அலமாரியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். முன்பக்கம் திறக்கும் தொளதொளப்பான சட்டையோ நைட்டியோ மூன்று நான்கு எடுத்து வையுங்கள். தலைவழியாகப் போடும் உடை முதல் சில வாரங்களுக்கு ஆகாது. முன்கொக்கி வைத்த நம் இரவிக்கை இதற்கு வசதிதான், கொஞ்சம் பெரிய அளவாக இருந்தால்.

அறுவை சிகிச்சை முழு மயக்கத்தில் நடக்கும். ஓரிரு நாளில் பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் வடிகுழாயோடு வருவார்கள். அதைக் கண்டால் பலருக்குக் கலக்கம்: மெல்லிய குழாய், அதன் நுனியில் ஒரு புட்டி. மார்பகம் இருந்த இடத்தில் ஊறும் நீரை அது வெளியே எடுக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் அளவைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ஐயா, இது உங்கள் வேலையாக இருக்கட்டும். முதலில் சிவப்பாக வரும், பிறகு வெளிர்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம். ஒரு நாளைக்குச் சுமார் 30 மில்லிலிட்டருக்கும் குறைந்தபின் எடுத்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். புட்டியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டால் கோப்பிக் கடைவரை நடந்துபோய் வரலாம். குழாயை எடுத்தபின் அந்த இடத்தில் நீர் சேர்ந்து தளும்புவதுபோல் இருந்தால் மருந்தகத்துக்கு வாருங்கள், தேவைப்பட்டால் ஊசியால் எடுத்துவிடுவார்கள்.

இப்போது, நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம்: உங்கள் கை.

என் நினைவில் நிற்கும் ஓர் அம்மா, அறுபதைக் கடந்தவர். புண் அழகாக ஆறியது. ஆனால் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் கையை உடம்போடு ஒட்டி வைத்தே பல வாரம் இருந்துவிட்டார். வீட்டிலும், "அசைக்காதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பாசத்தோடு சொல்லியிருக்கிறார்கள். அடுத்து அவருக்குக் கதிரியக்கச் சிகிச்சை. அந்தச் சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, அசையாமல் படுத்திருக்க வேண்டும். அவரால் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியவில்லை. தோளைத் தளர்த்தப் பயிற்சி கொடுத்து, அதன் பிறகுதான் சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. காத்திருந்த அந்த நாள்களில் அவர் பட்ட வேதனை அறுவை சிகிச்சையைவிடப் பெரிது என்று சொன்னார்.

மருத்துவக் குழு வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், மறுநாளே தொடங்குங்கள். விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை மெல்லச் சுழற்றுவது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. வலி மாத்திரையைப் போட்டு அரைமணி நேரம் கழித்துச் செய்தால் எளிது. தலை சீவுவதும் சோறு பிசைந்து சாப்பிடுவதும் அந்தக் கையாலேயே நடக்கட்டும். வடிகுழாய் இருக்கும்வரை தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். அதை எடுத்தபின், இயன்முறைச் சிகிச்சையாளர் சொல்லும்போது, சுவரைப் பார்த்து நின்று விரல்களைப் பல்லி ஏறுவதுபோல் மேலே நகர்த்துங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கோயிலில் தலைக்கு மேல் கைகூப்பிக் கும்பிடுவோமே, அந்த அசைவு திரும்ப வரவேண்டும். இழுப்பது போன்ற உணர்வு சரி, கடுமையான வலி வந்தால் நிறுத்துங்கள். அக்குளிலிருந்து முழங்கைவரை நூல் கட்டி இழுப்பதுபோல் ஒரு நரம்பு தெறித்து நின்றால் பயப்படாமல் வந்து காட்டுங்கள், பயிற்சியால் அது தளரும்.

அசைக்கச் சொன்னேனே தவிர, சுமக்கச் சொல்லவில்லை. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஈரச்சந்தைப் பை, அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எதையும் அந்தக் கையால் தூக்க வேண்டாம். ஈரத் துணி தொங்கும் மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் கேட்காத அம்மாக்கள் இருக்கிறார்கள்!

அக்குளில் கணுக்கள் எடுக்கப்பட்டிருந்தால் அந்தக் கையில் நிணநீர் வீக்கம் வரும் வாய்ப்பு பின்னாளிலும் உண்டு. அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறிக்காமல் பாருங்கள், செடிக்கு மண் அள்ளும்போது கையுறை போடுங்கள், இறுக்கமான வளையலைத் தவிர்த்துவிடுங்கள். இரத்தம் எடுக்க முடிந்தால் மறுகையைக் கொடுங்கள். மோதிரம் திடீரென்று இறுக்கினாலோ கை கனத்தாலோ காத்திருக்காதீர்கள்.

சாப்பாட்டில் பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டு இரசம் சோறு மட்டும் கொடுப்பார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் எல்லாம் சாப்பிடலாம். ஹருவான் என்று இங்கே சொல்லும் விரால் மீன் சூப் குடிப்பதும் நல்லதே. புண்ணின் மேல் மட்டும் மஞ்சள், சந்தனம், எண்ணெய், பவுடர் எதையும் பூசாதீர்கள்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், புண் சிவந்து சூடாக இருந்தால், சீழ் வந்தால், புட்டி திடீரென்று இரத்தமாக நிறைந்தால் உடனே மருத்துவமனைக்கு அழையுங்கள். மூச்சு திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 995.

முதல் முறை கண்ணாடி முன் நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலர் மறுநாளே பார்க்கிறார்கள், சிலர் பல வாரம் கழித்து. இரண்டும் சரிதான். தனியாகப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் கட்டு மாற்றும் நாளில் சொல்லுங்கள், தாதி பக்கத்தில் இருப்பார். இல்லாத மார்பகம் அரிப்பதுபோல் தோன்றலாம், கையின் உட்புறம் மரத்திருக்கலாம். நரம்புகள் அறுபட்டதால் வருவது அது. புண் ஆறும்வரை மென்மையான பஞ்சுத் திண்டை இரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளலாம், சிலிக்கான் மார்பகம் பிறகு. இரவில் அழுகை நிற்காமல், சாப்பாடும் பிடிக்காமல் நாள்கள் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்கத்தான் பலர் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் இரண்டையும் பயன்படுத்தலாம். அதற்கு மேலும் சிரமம் என்றால், தேதியைத் தள்ளிப்போடாமல் மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைப் பாருங்கள்.

இன்னொரு மார்பகம் இருப்பவர்கள் அதற்கான மெமோகிராம் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். நோய் இல்லாத, 50 வயதைத் தாண்டிய மற்ற அம்மாக்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.

கேள்விகளை இங்கேயே கேட்கலாம். எல்லார் முன்னிலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் தேநீர் நேரத்தில் கதவோரத்து மேசைக்கு வாருங்கள். வடிகுழாய், பஞ்சுத் திண்டு, சிலிக்கான் மார்பகம் மூன்றையும் கொண்டுவந்திருக்கிறேன். தொட்டுப் பார்க்கலாம்.