காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

பதுளை நகரத்துப் பெரியவர்களே, பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மாரே, தம்பி தங்கைமாரே!

போதை என்றால் மேடையில் ஐஸையும் குடு என்கிற ஹெரோயினையும்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். நான் சாராயத்திலிருந்தும் கள்ளத்தனமாய்க் காய்ச்சும் கசிப்பிலிருந்தும் தொடங்குகிறேன். இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக ஆளைத் தின்று வருவது அதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் சாராயத் தவறணைகளைக் குத்தகைக்கு விட்டார்கள். தொழிலாளி வாங்கிய சம்பளத்தில் ஒரு பங்கு அந்த வழியாக அரசாங்கத்துக்கே திரும்பிப் போனது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வருவதற்குள் எத்தனை போராட்டம்! அந்தக் காசு போத்தலுக்குப் போகிற வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கூட பஸ் காசுக்கு எங்கே போவது?

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிறோம். வருசம் முழுக்கக் குடித்தவர் அன்றோடு அடியோடு நிறுத்துகிறார். அவருடைய பக்திக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மறுநாளே கை நடுங்குகிறது. வேர்த்துக் கொட்டுகிறது, வலிப்பும் வரலாம். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், செத்துப்போன அப்பா கூப்பிடுகிறார் என்கிறார். அம்மன் கோபம் என்று வேப்பிலை அடிக்கிறோம், திருநீறு போடுகிறோம். அது கோபமல்ல ஐயா, நோய்! நாள்தோறும் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது திடீரென்று இல்லாமல் போனதும் தறிகெட்டுத் துடிக்கிறது. மருந்து கொடுத்தால் அடக்கிவிடலாம், விட்டால் உயிரே போகும். இத்தனை நாள் குடித்தவர் நிறுத்துவதற்கு முன்னாலேயே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கோயில் கமிட்டியாவது ஒலிபெருக்கியில் சொன்னதுண்டா?

குடு வேறு மாதிரி. நிறுத்தினால் மூக்கொழுகும், உடம்பு முறியும், வயிற்றால் போகும். இரண்டு மூன்று நாள் உச்சம், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். ஆபத்து அதற்குப் பிறகுதான். சிறையிலோ புனர்வாழ்விலோ மாதக்கணக்கில் குடுவை விட்டிருந்த பையன் வெளியே வந்து பழைய அளவையே எடுக்கிறான். உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்திருக்கிறது, மூச்சு நின்றுபோகிறது. திரும்பி வந்த பிள்ளையைக் ‘குடுக்காரன்’ என்று லயமே ஒதுக்கினால், அவன் பழைய கூட்டாளியிடம்தானே போவான்?

1984இல் இந்த நாடு இரண்டு காரியம் செய்தது. 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ என்று சட்டத்தைத் திருத்தியது. அதே வருசம் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையையும் அமைத்தது. தண்டனை எல்லாருக்கும் தெரிகிறது. அந்தச் சபைக்கு 1927 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை கேட்கலாம் என்பது நம் லயங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குப் பொலிஸ் தெரிகிறது, பூசாரி தெரிகிறது, சிகிச்சை தெரியவில்லை. லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சம்பந்தி வீடு. வெளியே தெரிந்தால் தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும் என்று வாய் மூடுகிறோம். மூடி மூடித்தான் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம்.

தொழிற்சங்கத் தலைவர்களே, பதுளைப் பெரியாஸ்பத்திரியில் போதை நோயாளியோடும் அவன் தாயோடும் தமிழில் பேச எந்த நாளும் ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும். சம்பளம் கேட்ட அதே குரலில் இதையும் கேளுங்கள். கோயில் கமிட்டிக்காரர்களே, இந்த வருசத் திருவிழா நோட்டீசில் காப்புக் கட்டும் தேதிக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: நாள்தோறும் குடிப்பவர்கள் காப்புக் கட்டுவதற்கு முன் டாக்டரைப் பார்க்கவும். ஆலோசனைக்கு 1927.