கீழாநெல்லி குடிச்சாலும் ரத்தம் பாருங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், நம் உறுப்பினரான செவிலியர் ஒருவர் பேசியது)



எங்க அண்ணனுக்கு இருபது வயசுல மஞ்சக்காமாலை வந்துச்சு. அம்மா கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலக்கிக் குடுத்தாங்க. கண்ணு வெளுத்துச்சு, விட்டுட்டோம். நாப்பத்தஞ்சு வயசுல வயிறு வீங்கினப்போதான் ஹெபடைடிஸ்-பி கிருமி ரத்தத்துல இருந்ததும், கல்லீரல்ல புற்றுநோய் முத்தினதும் தெரிஞ்சது.

கீழாநெல்லியை நான் பழிக்கலை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் தியாகராஜன் குழு, இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கோடு சேர்ந்து, 1988இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குப் பிறகு பார்த்தபோது ரத்தத்தில் கிருமியின் அடையாளம் இல்லை. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கலை. அதனால கண்ணு வெளுத்ததை வெச்சு கிருமி போச்சுன்னு நினைக்கக் கூடாது.

இப்ப புதுசா ஒண்ணு பேசுறாங்க, மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு. நம்ம சங்கத் தீர்மான நோட்டுல இருந்து நகல் எடுத்து வேலைக்கு அனுப்புறோம் இல்லையா? செல்லும் அப்படித்தான். "இந்த நகலை நிறுத்தி வை"ன்னு சொல்ற துண்டுச் சீட்டுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993இல் ஒரு சின்னப் புழுவில் இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2024இல் நோபல் கிடைத்தது. கல்லீரலில் 122ஆம் நம்பர் சீட்டுதான் மிக அதிகம். கல்லீரல் அடிபட்டால் அது ரத்தத்தில் கசியும். புற்றுக்கட்டிக்குள்ளே பெரும்பாலும் அது குறையும், 21ஆம் நம்பர் கூடும். இதை வெச்சு, நோய் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு சீக்கிரமே சொல்ல முடியுமான்னு ஆராயுறாங்க. நம்ம ஆஸ்பத்திரிக்கு வர நாளாகும். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இன்னைக்கே இருக்கிறது சாதாரண ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிகள் கட்டாயம் பார்க்கணும். பிறக்கும்போதே இந்தக் கிருமி தொத்தின பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது நிலைச்சிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள ஒரு ஊசி, பிறகு 6, 10, 14ஆவது வாரம். எல்லாம் இலவசம். வீட்டுல பிரசவம் ஆனாலும் அந்த முதல் ஊசியை விடாதீங்க. இருக்குன்னு தெரிஞ்சவங்க குடியைத் தொடவே கூடாது. இதை வீட்டு ஆம்பளைங்ககிட்ட யார் சொல்றதுன்னு சிரிக்கிறீங்க, நாமதான் சொல்லணும்.

அண்ணன் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பார்த்தோம். பெரியவனுக்கு இருக்கு. டாக்டர் சொன்னபடி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் போய் ஸ்கேனும் ரத்தமும் பார்த்துட்டு வர்றான். போன தடவை வரைக்கும் கட்டி இல்லை. அடுத்த தேதி தை மாசம்.