பாஸ்புக்கைப் பிரித்துப் பார்த்த கதை



கல்வியும் கிராம வளர்ச்சியும் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடமே போகாதவள். அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1991-ல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டர். ராத்திரி சோறாக்கி வைத்துவிட்டு, அரிக்கேன் விளக்கோடு கோயில் திண்ணைக்குப் போவோம். என் பெயரை எழுதப் பழக எனக்குப் பதினெட்டு நாள் ஆச்சு. சைக்கிளும் அப்போதுதான் பழகினோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளையே ஓட்டினோம். குழந்தையை முன்னால் பாரில் உட்கார வைக்கலாம் என்று பிறகு அதுவே வசதியாப் போச்சு. கிண்டல் பேச்சு இருந்தது, இல்லாமலா? மாவட்டத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் பழகினார்கள்.

ஆனால் படித்தது தங்கவில்லை. வாசிக்க வீட்டில் ஒரு காகிதம் கிடையாது. இரண்டு வருஷத்தில் எழுத்து மங்கி, கையெழுத்து மட்டும் மிச்சம். அந்த நிலையில்தான் குழு ஆரம்பித்தோம். கணக்குத் தெரிந்த ஒருத்தரிடமே எல்லாவற்றையும் விட்டோம். நோட்டில் வரவு சரியாக இருந்தது. பாஸ்புக்கை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஏழு மாசச் சேமிப்பு பேங்குக்கே போகவில்லை. 12 பேர், ஆளுக்கு மாசம் 50 ரூபாய். 4,200 ரூபாய்! அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பார்க்காத பதினோரு பேரில் நானும் ஒருத்தி. பணம் தவணையாக வந்து சேர்ந்தது. ஆனால் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அப்புறம்தான் பரணில் கிடந்த அறிவொளிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அட்டையைக் கரையான் தின்றிருந்தது. எட்டாவது படித்த மகளிடம் கூட்டல் கழித்தல் படித்தேன். அவ அதட்டுற அதட்டுல வாத்தியார் தோத்தார்!

இப்போது எங்கள் குழுவில் தீர்மானப் புத்தகத்தை மாசம் ஒருத்தர் எழுதுகிறோம். பிழை இருக்கும், வரி கோணிப் போகும், இருக்கட்டும். பாஸ்புக்கைச் சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்து.

"புள்ளைங்க படிச்சிருக்காங்க, அவங்க பார்த்துக்குவாங்க" என்று சில அக்காமார் சொல்கிறார்கள். புள்ளைங்க திருப்பூரில் இருக்காங்க. கூட்டம் இங்கே நடக்குது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் உட்காருகிறோம். எந்தக் குழுவும் வரலாம். வரும்போது உங்க பாஸ்புக்கைக் கொண்டு வாங்க.