பழைய படகு வாங்குதலும் விற்றலும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கடலை நம்பி ஜீவிக்கும் நம் பரதகுலத்தாருள் புதுப்படகு வாங்கும் சக்தியுடையார் சிலரே. மற்றையோர், ஒருவர் ஓட்டிய பைபர் படகையும் அதன் பின்புறம் பூட்டும் அவுட்போர்டு இயந்திரத்தையும் கிரயத்துக்குக் கொண்டே தொழில் தொடங்குகின்றனர். மாமன் விற்க மருமகன் வாங்குகின்றான். ‘நம்மவர்தாமே’ என்னும் ஒரு சொல்லிலே பேரம் முடிந்துவிடுகின்றது, சோதனையுமில்லை, பத்திரமுமில்லை. இவ்வழக்கத்தைக் குறித்தே இன்று சில வார்த்தை சொல்ல விரும்புகின்றோம்.

முன்னோர் காலத்தில் இதனால் பெருந்தீங்கு விளையவில்லை. கட்டுமரம் தன் குற்றத்தை மறைக்க அறியாது. நீர் ஊறிக் கனத்த மரமும் உளுத்த மரமும் கரையில் கிடக்கும்போதே கண்ணுக்குத் தெரியும். வள்ளத்தின் பலகையும் அத்தகையதே. பைபர் படகோ தன் நோயை வர்ணத்துக்குள் ஒளித்துக்கொள்ளும். இயந்திரம் மூடிக்குள் ஒளித்துக்கொள்ளும். ஆதலின், கண் காணாத குற்றத்தை விற்பவர் வாய் சொல்லவேண்டும். வாங்குபவர் கை சோதிக்கவேண்டும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளுக்குப் பைபர் படகுகள் ஏராளமாக வந்தன. அவசரத்தில் கட்டப்பெற்ற அவற்றுள் தரங்குறைந்தனவும் இருந்தன. ஆகவே, படகு கட்டிய ஆண்டையும் கட்டிய இடத்தையும் முதலில் கேட்டறிக.

பின்னர், சிறு மரச்சுத்தியால் படகின் உடல் முழுவதையும் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல இடம் கணீரென்னும். அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். புதுவர்ணம் ஓரிடத்தில் மாத்திரம் பூசியிருப்பின் அவ்விடத்தை இருமுறை தட்டுக. இயந்திரம் பூட்டும் பின்பலகையே படகின் உயிர்நிலை. அதனுள் வைத்த மரம், திருகாணித் துளை வழியே நீர் புகுந்து அழுகும். பூட்டிய இயந்திரத்தின் அடிப்பாகத்தைப் பிடித்து அசைத்தால் பலகை வளைந்துகொடுக்குமாயின், அப்படகை அந்நிலையில் வாங்கலாகாது. நடுக்கடலில் அப்பலகை பிளந்தால் இயந்திரமும் போம்; ஆளும் போம்.

இயந்திரம் பார்க்கப் போகும்போது அதன் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாயிருந்தால், முன்னரே முடுக்கிப் பழக்கியிருக்கின்றனர் என்று பொருள். குளிர்ந்த இயந்திரம் எளிதில் முடுங்குவதே நலத்துக்கு அடையாளம். கரையில் நீரின்றி முடுக்கிக் காட்டுவது சோதனையன்று. அது குளிர்நீர் இறைக்கும் சக்கரத்தையே கெடுக்கும். நீரில் இறக்கி ஓட்டுகையில் பின்புறச் சிறுதுளை வழியே நீர் இடைவிடாது பீறிட வேண்டும். கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால், பால்போல் வெளுத்திருப்பது நீர் புகுந்ததைக் காட்டும். இரு சிலிண்டர்களின் அழுத்தம் நூற்றுக்குப் 10 பங்குக்கு மேல் வேறுபடின் மெக்கானிக்கு ஒருவரை அழையாமல் விலை பேசாதீர்கள். முடிவில், ஆளேற்றிக் கடலில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுத்தல் தகும்.

இனிப் பத்திரம். படகின் பதிவுச் சான்று, 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படியான உரிமம், இயந்திரம் வாங்கிய ரசீது ஆகிய மூன்றும் வேண்டும். ரசீதிலுள்ள எண் இயந்திரத்திற் பொறித்த எண்ணோடு ஒத்திருத்தல் அவசியம். படகின் மேல் கடனுண்டா, மானியத்தில் வந்ததாயின் விற்கத் தடையுண்டா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்தறிக.

பெயர் மாற்றாத விற்பனை பாதி விற்பனையே. 2008-ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்கு வந்தோர் மீன்பிடிப் படகொன்றைக் கைப்பற்றி வந்தனர். அதன்பின் படகுகளின் பதிவு கண்டிப்பாயிற்று. படகு எல்லை தாண்டிப் பிடிபட்டால் முதலில் விசாரிக்கப்படுபவர் பதிவிலுள்ளவரே. வாங்கியவர் கடலில் மாண்டாலோ, அவர் மனைவி ‘இது எங்கள் படகு’ என்று காட்ட ஒரு சீட்டும் இராது. வாய்ச்சொல்லுக்குச் சாட்சியான கணவன் போய்விட்டான்; விற்றவரும் போய்விட்டால் அவள் யாரிடம் முறையிடுவாள்?

விற்போருக்கும் ஒரு வார்த்தை. பின்பலகை அழுகியதை மறைத்து ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகப் பெறுவது சாமர்த்தியமன்று. அப்படகில் நாளை ஏறுபவன் நம் சகோதரியின் மகன். குற்றத்தைச் சொல்லி விலையைக் குறைப்பவரே உறவைக் காப்பவர். அங்ஙனமே, சோதித்துப் பார்க்க விரும்பும் உறவினரை ‘எம்மை நம்பவில்லையா?’ என்று கடிதலும் முறையன்று. சோதனை அவநம்பிக்கையாகாது, உயிரின் மேல் வைத்த கருத்தேயாகும்.

ஆகவே, நமது சங்கம் ஒரு கிரயப் படிவம் அச்சிட்டு ஊர்தோறும் வழங்கவேண்டுமென்று கோருகின்றோம். படகின் குற்றங்கள், இயந்திர எண், தொகை, இரு சாட்சிகளின் கையெழுத்து ஆகியவை அதில் அடங்குக. மனைவிமார் ஒருவரேனும் அருகிருந்து அதைப் படித்தறிக. அனுபவமுள்ள முதியோரும் மெக்கானிக்குகளும் வாங்குவோருக்குத் துணை நிற்பாராக. இவ்விஷயத்தைக் காரியக் கமிட்டியார் அடுத்த கூட்டத்திலேயே ஆலோசிப்பார்களென நம்புகின்றோம்.