காசு யார் கையில்?

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"ஸ்டேபிள்காயின் என்று ஒரு காசு வந்திருக்கிறதாமே, இனி சர்க்கார் பணமே வேண்டாமாமே?" என்று இளந்தோழர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இது கம்ப்யூட்டர் கணக்கில் மட்டும் உள்ள காசு. தனியார் கம்பெனி ஒரு டாலரை வாங்கிக்கொண்டு ஒரு காசு தருகிறது. திருப்பிக் கொடுத்தால் டாலரைத் தருவோம் என்கிறது. வாங்கிய டாலரில் பெரும்பகுதியை அமெரிக்க சர்க்காரின் கடன் பத்திரத்தில் போடுகிறது. வட்டி யாருக்கு? கம்பெனிக்கு!

நம் மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறுகிறது. மரம் சாய்ந்தால் கொடி நிற்குமா? இந்தக் காசும் அப்படித்தான். சர்க்கார் பணத்தைப் பற்றி நிற்கும் காசு, சர்க்கார் பணத்துக்கு மாற்றாகுமா?

2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி பாங்கு விழுந்தது. யு.எஸ்.டி.சி. என்ற காசின் 330 கோடி டாலர் அதில் சிக்கியது. ஒரு டாலர் காசு 90 சென்டுக்கும் கீழே இறங்கியது. பாங்கில் போட்ட பணம் முழுவதும் கிடைக்கும் என்று அமெரிக்க சர்க்கார் அறிவித்த பிறகே தலைநிமிர்ந்தது. லாபம் தனியாருக்கு, ஆபத்தில் கைகொடுக்க சர்க்கார்!

கம்பெனியின் வாக்கு நமக்குப் புதிதல்ல. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, அதை நம்பிப் பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள்.

வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் பணம் இந்த வழியில் சீக்கிரம் வரலாம், மறுக்கவில்லை. ஆனால் சீக்கிரம் ஓடுவது வேறு, நிலைத்து நிற்பது வேறு. இந்தக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை டாலர் காசுகள். அவை நம் சந்தையில் புகுந்தால் ரூபாயின் இடத்தில் டாலர் உட்காரும்.

சர்க்கார் பணம் குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நம் மக்கள் பாங்கு வாசலில் கால்கடுக்க நின்றதை மறப்போமா? ஆனால் சர்க்காரை ஊர்வலம் போய்க் கேட்கலாம். ஓட்டுப் போட்டு இறக்கலாம். கம்பெனி முதலாளியை நம்மில் யார் தேர்ந்தெடுத்தோம்?

சீட்டாகவும் சாமானாகவும் கூலி கொடுத்து ஏய்த்த முதலாளிகள் பல நாடுகளில் இருந்தார்கள். நம் நாட்டில் 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், கூலியை நாணயமாகவோ நோட்டாகவோ கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அந்தப் பாடத்தைக் கைவிடக் கூடாது.

காப்பி பறித்தாலும் ஆலையில் நூல் நூற்றாலும், நம் வியர்வைக்குக் கூலி ரூபாயில் வரட்டும்! பணத்தின் மீது மக்களின் கண்காணிப்பு வளரட்டும்! அதற்குச் சங்கமாய்த் திரள்வோம்!