உப்பை யார் நீக்கினார்?: ‘ரிமூவ்’ என்ற ஆங்கில வினையும் தமிழும்

யார் நினைவாக இச்சொற்பொழிவு நடக்கிறதோ அந்த ஆசிரியரிடம் நான் படித்ததில்லை; அவரிடம் படித்தவர்களிடம் படித்திருக்கிறேன். அந்த நன்றியோடு பொருளுக்கு வருகிறேன்.

பொருள் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். கலைச்சொல் குழு ஒன்றில் ஒன்பது ஆண்டு உட்கார்ந்திருந்தேன். ‘ரிமூவ்’ என்ற ஆங்கில வினைக்கு ‘நீக்கு’ என்ற ஒரே சொல்லை நிலைப்படுத்திவிடலாம் என்பது அங்கே பெரும்பான்மை முடிவு. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்றால் மொழிபெயர்ப்பவருக்கு வசதியாம். நான் ஒருவன்தான் கையெழுத்திடவில்லை. அன்று எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். இன்று ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் குழு நண்பர்கள் இருவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். தேநீர் வரும்வரை எழுந்துபோகவும் வழியில்லை.

லத்தீன் மூலத்தில் ‘ரிமூவ்’ என்ற வினைக்கு நகர்த்துதல் என்பதே அடிப்படை. இருந்த இடத்திலிருந்து பெயர்த்து வேறிடம் கொண்டுபோவது. வீடு மாறிப் போவதையும் முன்பெல்லாம் ஆங்கிலத்தில் இதே வினையால் சொன்னார்கள். வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிக்கு இங்கிலாந்தில் இன்றும் இதை ஒட்டியே பெயர். பொருள் ஒழிந்துபோக வேண்டும் என்ற கட்டாயம் இந்த வினைக்குக் கிடையாது.

இனி உப்பு. கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம் போகும் வழியில் அகஸ்தியன்பள்ளி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் நூறு பேர் அளவில் நடந்து புறப்பட்டு, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி விடியலில் அகஸ்தியன்பள்ளியில் ராஜாஜி உப்பு எடுத்தார், கைதானார். இங்குள்ள யாரைக் கேட்டாலும் ‘உப்பு அள்ளினார்’ என்பார்கள். ‘அள்ளு’ என்ற சொல்லுக்குள் ஒரு கை இருக்கிறது. ஐந்து விரலும் குவிகின்றன, அளவும் தெரிந்துவிடுகிறது: ஒரு கைப்பிடி, மிஞ்சினால் இரண்டு.

அன்றைய பிரிட்டிஷ் சர்க்காரின் சொல்லில் கை இல்லை. வரி கட்டி, அனுமதிச் சீட்டு வாங்கி, உப்பளத்திலிருந்தோ கிடங்கிலிருந்தோ உப்பை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் கொண்டுபோதலுக்குத்தான் ‘ரிமூவல்’ என்று பெயர். நூறு மூட்டை வண்டியில் போனாலும் ஒரு பிடி மடியில் போனாலும் சட்டத்துக்கு ஒரே வினைதான். ஒரு பிடி உப்புக்குச் சிறை வந்தது இந்தச் சொல்லின் குணத்தாலும்தான். 1944இல் வந்த மத்தியக் கலால் மற்றும் உப்புச் சட்டத்திலும் இதே வினை தொடர்ந்தது. சரக்கு ஆலையை விட்டுக் கிளம்பும் நேரத்தைத்தான் அது குறித்தது. உப்பு வரி 1947இல் போய்விட்டது. சட்டத்தின் பெயரில் மட்டும் உப்பு 1996 வரை ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு நீக்கப்பட்டது. அங்கே ‘நீக்கப்பட்டது’ என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. தலைப்பிலிருந்து ஒரு சொல் போனது, தலைப்பு நின்றது.

குழு நண்பர்களின் கலைச்சொல் பட்டியலை வைத்துக்கொண்டு பழைய உப்புக் கோப்பு ஒன்றை மொழிபெயர்த்த இளைஞர், ‘தொண்டர்கள் உப்பை நீக்கினர்’ என்று எழுதியிருந்தார். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நினைவுக்கு வருகிறதா இல்லையா? அவர்மீது பிழையில்லை. பட்டியல் சொன்னபடி செய்தார்.

அளத்துக்கே போய்ப் பாருங்கள். பாத்தியில் விட்ட உவர்நீர் வெயிலில் சுண்டி, அடியில் உப்பு பூத்துக் கிடக்கிறது. வெயில் ஏறுமுன் வந்தவர் நீண்ட கம்பில் பொருத்திய பலகையைத் தன் பக்கம் இழுக்கிறார். பலகைக்கு முன்னால் ஈரத்தோடு உப்பு சரசரவென்று சேர்ந்து வருகிறது. அதை வரப்பில் குவிக்கிறார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘உப்பு வாருதல்’. பரப்பின்மேல் இழுத்துச் சேர்ப்பது வாருதல். குவியலிலிருந்து கூடையில் ஏற்றுவது அள்ளுதல். இரண்டும் இரண்டு வேலை.

சரி, உப்பு வேண்டிய பொருள், அதனால் ‘வாரு’ என்கிறோம், வேண்டாத பொருளுக்கு ‘நீக்கு’தானே என்று குழுவில் ஒருவர் மடக்கினார். காவிரி டெல்டாக்காரரிடம் கேட்கிற கேள்வியா இது? மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பார்கள் என்று அதற்கு முன்பே ஆற்றிலும் வாய்க்காலிலும் என்ன செய்கிறோம்? தூர் வாருகிறோம். ‘தூர்நீக்கம்’ என்று எந்த விவசாயி சொல்லியிருக்கிறார்? உப்பு வேண்டும், தூர் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே வினை, ஏனென்றால் கையின் வேலை ஒன்று. தலை வாருகிறோம், முடி எங்கும் போய்விடுவதில்லை. காலை வாருவதும் உண்டு. அதை முன்வரிசை நண்பர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஆங்கில வினை பொருளின் இடமாற்றத்தைப் பார்க்கிறது. நம் வினைகள் கையைப் பார்க்கின்றன: வாரு, அள்ளு, பிடுங்கு, கிள்ளு, சுரண்டு, வழி.

அப்படியானால் ‘நீக்கு’ எதைப் பார்க்கிறது? விடை வேதாரண்யம் கோயில் வாசலில் இருக்கிறது. வேதங்கள் பூசித்து அடைத்த கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது தலவரலாறு. கோயில் வழக்கில் கதவு அடைப்பது திருக்காப்பிடுதல். திறப்பது திருக்காப்பு நீக்குதல். கதவு அங்கேயேதான் நிற்கிறது, நடுவில் வழி பிறக்கிறது. ‘கதவைக் கொஞ்சம் நீக்கி வை’ என்று வீட்டில் சொல்கிறோம். சுவரின் ‘நீக்கல்’ வழியாக எட்டிப் பார்க்கிறோம். இடைவெளி உண்டாக்குவதே ‘நீக்கு’. ஒட்டியிருந்தவை விலக வேண்டும், விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாத்தியில் பூத்த உப்புக்கு அது எப்படிப் பொருந்தும்?

மணி பார்க்கிறார்கள். மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு அரசு ஊழியரை வெளியேற்ற இரண்டு வினைகளைத் தனித்தனியே சொல்கிறது. தமிழில் பணிநீக்கம், பணியறவு. நீக்கப்பட்டவர் மறுபடி அரசு வேலைக்கு வர வழியுண்டு. அறவு பெற்றவருக்குப் பொதுவாக இல்லை. வழி விடுகிற சொல் ‘நீக்கு’ என்பதற்கு இதுவும் சான்று. குழு சரியாகச் செய்தவற்றில் இது ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, கோடியக்கரைச் சரணாலயத்துச் சீமைக்கருவேலம். ‘அகற்றுதல்’ என்று அறிக்கைகளில் வருகிறது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம் அது. வெட்டியதா, வேரோடு பிடுங்கியதா என்று ‘அகற்று’ சொல்லாது. வெளிமானுக்குப் புல்வெளி மிஞ்சுமா என்பது அந்த வேறுபாட்டில் இருக்கிறது. இதைத் தனியாக எழுத வேண்டும்.

‘களை’ என்ற சொல் பெயராகவும் வினையாகவும் நிற்பது, நீங்கு–நீக்கு, அகல்–அகற்று என்ற தன்வினை பிறவினை இணைகள், கணினித் திரையில் வரும் ‘நீக்கு’ பொத்தான், இவையெல்லாம் ஆய்வு மாணவர்களுக்கு.

மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வினை இருக்கிறது. நான் சொன்னவை இரண்டுதான். போய்க் கேட்டு, சொன்னவர் வாய்மொழியிலேயே எழுதி வாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் போங்கள். மழை இறங்கிவிட்டால் பாத்தியில் ஆள் இருக்கமாட்டார்கள்.