ஒரு டாலர் தர்மம்

1965ஆம் ஆண்டில், பெட்ரோல் போடுவதற்காக நிறுத்திய தம் காருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த டிக் ட்ராம் என்ற அமெரிக்க இளைஞர், மற்றொரு கார் வந்து மோதியதில் இரண்டுக்கும் நடுவே நசுங்கி, வலது காலை முழங்காலுக்கு மேலாக இழந்தார். அவரே 1976இல் நியூயார்க் மாரத்தானில் செயற்கைக் காலுடன் ஓடி, 42 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தத் தூரத்தை 7 மணி நேரத்துக்கு மேலாகப் பொறுமையோடு ஓடி முடித்தார். மந்தமான அந்த ஓட்டம் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

மறு ஆண்டு கனடாவில், எலும்பில் புற்றுநோய் கண்டு, விடிந்தால் வலது காலை எடுத்துவிடுவதென்று வைத்தியர்கள் தீர்மானித்திருந்த இரவில், டெர்ரி ஃபாக்ஸ் என்ற 18 வயது மாணவர், ட்ராமைப் பற்றித் தம் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கொண்டுவந்து தந்த பத்திரிகைக் கட்டுரையைப் படித்தார். பிறகு சிகிச்சைக் காலத்தில் சக நோயாளிகளின் வேதனையை நேரில் கண்ட அவர், தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டச் சங்கற்பம் செய்துகொண்டார். 1979இல் ஓடிய 17 மைல் பந்தயத்தில் அவர் கடைசியாக வந்தார். கடைசியானால் என்ன, முடித்தாரே!

1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டவர், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் ஓடினார். அக்காலத்துச் செயற்கைக் கால் நடப்பதற்கென்று செய்யப்பட்டது, ஓடுவதற்கன்று. அது முன்னே வந்து சேரும்வரை உண்டாகும் தாமதத்தைச் சரிக்கட்ட, இடது காலால் இருமுறை எம்பிய பிறகே அதை ஊன்றுவார். உறுப்பை எடுத்த இடம் உராய்ந்து புண்ணாகி ரத்தம் கசியும், அதோடும் ஓடுவார்.

ஜனங்களிடம் அவர் கேட்டது தலைக்கு ஒரு டாலர். செல்வந்தர் சிலரிடம் பெருந்தொகை பெறுவதைவிட இது மேலானது என்பது என் அபிப்பிராயம். ஒரு டாலர் கொடுத்த ஏழையும் அந்த ஓட்டத்தில் பங்காளியாகிவிடுகிறார் அல்லவா?

143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், செப்டம்பர் 1 அன்று, நோய் நுரையீரலைப் பற்றிவிட்டதால் தண்டர் பே நகருக்கருகே அவர் நிற்க நேர்ந்தது. ஆயினும் ஜனங்கள் நிறுத்தவில்லை. 1981 பிப்ரவரிக்குள் நிதி 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டி, தலைக்கு ஒரு டாலர் என்ற கணக்கு நிறைவேறியது. அதை அறிந்த பின்னரே, அவ்வாண்டு ஜூன் 28 அன்று, 22ஆம் வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரிலேயே அவர் பெயரால் தொடங்கிய ஓட்டம் இதுவரை பல நாடுகளில், நம் சென்னையிலும்கூட நடைபெற்றிருக்கிறது. அதில் முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை, ஓட முடியாதவர் நடந்தே போகலாம்.